இரண்டாம் தடவை நீட்டிய பிஸ்கட்

நான் யாரையும் அதட்டிப் பழகியவன் அல்ல. தேயிலைத் தொழிற்சாலையில், இலை வாட்டும் மாடியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். இலையைப் பரப்ப வேண்டும், கையால் அள்ளிப் பிடித்துப் பார்க்க வேண்டும், வாடியிருந்தால் கீழே தள்ளிவிட வேண்டும். யாரிடமும் குரலை உயர்த்தத் தேவையில்லாத வேலை. அதனாலேயே எனக்கு அது பிடித்திருந்தது. அப்படிப்பட்டவன் நாற்பத்தெட்டு வயதில், குன்னூரில் ஒரு பங்களாவின் புல்தரையில், பத்துப் பேர் பார்க்க, ஒரு நாயைப் பார்த்து "சிட்" என்று சொல்ல வேண்டி வந்தது.

நாய் உட்காரவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நாய்க்கே கேக்கலையே. உங்களுக்காவது கேட்டுச்சா?" என்றார் பயிற்சி கொடுத்த அம்மா.

அது என் நாயும் அல்ல. என் அக்காவின் நாய். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் குட்டையாக்கிய மலையில், ஒரு செடியின் அடியில் கிடந்த குட்டியைக் கொழுந்துக் கூடையில் போட்டு எடுத்து வந்தாள். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும், செம்மண் நிறத்தில், எந்த ஜாதியிலும் சேராத நாய். அக்கா கொழுந்து பறிக்கப் போனால் கூடவே போகும். காட்டெருமை நின்றால் குரைக்கும். சாயங்காலம் அவளோடு திரும்பி வரும். அக்கா இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குதான் அதற்குப் படுக்கை.

சிலோனிலிருந்து நாங்கள் கப்பலேறி வந்தபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபத்திரண்டு. வந்த மூன்றாம் வருஷம் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு என்னை வளர்த்தது அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கிற சுபாவம் எனக்கு இல்லை, சொல்கிற சுபாவம் அவளுக்கு இல்லை.

தேயிலை விலை விழுந்த வருஷங்கள் அவை. முதலில் தொழிற்சாலை வாரத்துக்கு மூன்று நாள் ஓடியது, பிறகு இரண்டு நாள், பிறகு எப்போது ஓடும் என்றே தெரியாது. பறிக்க ஆள் விடாததால் செடிகள் மரமாக வளர்ந்தன. எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எங்களைத் தவிரப் பன்னிரண்டு வீடு. அதில் நான்கு வீட்டுக்காரர்கள் பூட்டிவிட்டுத் திருப்பூருக்குப் போனார்கள். போனவர்கள் நாய்களை விட்டுவிட்டுப் போனார்கள். அந்த நாய்கள் பூட்டிய கதவுகளுக்கு முன்னால் கொஞ்ச நாள் படுத்திருந்தன. பிறகு ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சிறுத்தை தூக்கியது என்பார்கள்.

அந்த மழைக்காலத்தில்தான் அக்கா கக்கூஸ் படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து கக்கூசுக்கு இருபது படி இறங்க வேண்டும். நானும் என் மனைவியும் விடியற்காலையிலேயே லாரியேறி, கேரட் கழுவுகிற கூலி வேலைக்குப் போய்விடுவோம். நடக்க முடியாத ஒருத்தியைப் பகலெல்லாம் தனியாக விட்டுப் போவது எப்படி? குன்னூரில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று சொல்லிச் சேர்த்தேன். அந்த "கொஞ்ச நாளை" நானே நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியிலிருந்து நான்கு மணி வரை பார்க்கலாம். போகும்போதெல்லாம் அவள் கேட்பது ஒன்றுதான்.

"நாய் இருக்கா?"

"இருக்குக்கா."

"பொய் சொல்லாத. திருப்பூருக்குப் போனவனெல்லாம் இப்படித்தான் சொன்னான்."

"நான் திருப்பூருக்கு எங்க போனேன்? கேரட்டு கழுவத்தான போறேன்."

"அதான் சொல்றேன்."



இரண்டு மாதம் ஆனபோது பெரிய சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அக்கா மெலிந்துகொண்டே போகிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. டீகூட வேண்டாம் என்கிறாள். எடை பார்த்தால் ஒவ்வொரு மாதமும் குறைகிறது. இப்படியே போனால் இந்தப் பனிக்காலம் தாங்குமா என்று டாக்டர் சந்தேகப்படுகிறார்.

"எப்பவும் அந்த நாயப் பத்தித்தான் பேசறாங்க. அந்த ஏக்கந்தான்னு எங்களுக்குத் தோணுது" என்றார்.

"கூட்டிட்டு வரட்டுங்களா சிஸ்டர்?"

இல்லத்துக்குள் நாய் வரக் கூடாது. ஆனால் ஒரு வழி இருந்தது. பட்டாள அதிகாரியாக இருந்தவரின் மனைவி ஒருவர், பழக்கிய நாய்களை மாதம் ஒரு தடவை அங்கே கூட்டி வருவார். படுத்திருப்பவர்கள் தடவிக் கொடுப்பார்கள், கொஞ்சுவார்கள். அதில் மனசுக்கு ஒரு தெம்பு வருமாம். அந்த அம்மா வைக்கும் பரீட்சையில் தேறிய நாய்தான் வரலாம். நாயைக் கூட்டி வருபவரும் தொண்டராகச் சேர வேண்டும். தன் சொந்தக்காரரை மட்டும் பார்த்துவிட்டுப் போக முடியாது. நாற்பது கட்டிலுக்கும் போக வேண்டும், நாற்பது பேரிடமும் பேச வேண்டும்.

நாற்பது பேர் என்றதும் வாசல் பக்கம் பார்த்தேன். ஆனாலும் தலையாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவள் மேட்டுப்பாளையம் பக்கம்.

"ஏனுங்க, அந்த நாய் உங்க பேச்சக் கேக்குமுங்களா?"

"பழக்கணும்."

"நானே இன்னும் பழகலயே" என்று சொல்லிவிட்டு மறுபடி பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள்.

அந்த அம்மாவின் பங்களாப் புல்தரையில் சனிக்கிழமைதோறும் வகுப்பு. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டேன் என்றார் கண்டக்டர். ஏழு மைல் நடப்பதா என்று யோசித்து, கேரட் லாரியில் பின்னால் உட்கார்ந்து போனோம். போகிற வழியெல்லாம் நாய் கேரட் தின்றது. அங்கே போய்ச் சேரும்போது அதன் வயிறு திம்மென்று இருக்கும். பரிசாகக் கொடுக்க நான் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோன வர்க்கி ரொட்டியை அது முகர்ந்துகூடப் பார்க்காது. மற்றவர்களின் நாய்கள் எல்லாம் பளபளவென்று, வால் நுனிவரை சீவிவிட்டு, சொன்னதும் உட்காரும், சொன்னதும் எழுந்திருக்கும். அவற்றின் எஜமானர்கள் காரில் வந்தவர்கள். என் நாய் அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருக்கும்.

பாதி வகுப்பில் ஓர் இடைவேளை உண்டு. அந்த அம்மா எல்லோரிடமும் வருவார்.

"டீ சாப்பிடறீங்களா?"

"வேண்டாங்க" என்பேன்.

"ஓகே" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார்.

முதல் சனிக்கிழமை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் சனிக்கிழமை கொஞ்சம் வருத்தமாக இருந்தது. மூன்றாவதில் கோபமே வந்தது. அதிகாலைக் குளிரில் லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்து வந்தவன் நான். கூப்பிடுகிறவர் கொஞ்சம் நின்று கூப்பிடக் கூடாதா? அந்தத் தேயிலையை இத்தனை வருஷம் வாட்டிக் கொடுத்தவன், அது கொதிக்கிற வாசனையை மட்டும் பிடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். மனைவியிடம் சொன்னேன்.

"அந்தம்மா ஊட்டுக்குப் போயி ஒரு டீ குடிக்கத் தெரியல. நாய்க்குப் பாடஞ் சொல்லித் தாராராம்" என்றாள்.

வகுப்பைவிட மோசம் வீட்டில் பழக்குவது. ஒவ்வொரு நாளும் அரைமணி நேரம் பழக்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் கட்டளை. லயத்து வாசலில்தான் இடம். தோட்டத்தில் வேலை இல்லாத காலம். மீதி எட்டு வீட்டுக்காரர்களும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். பார்க்க வேறொன்றும் இல்லை. நான் நாயைக் கூட்டி வந்ததும் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களும் உண்டு.

மூன்றாம் வீட்டு மதினிதான் முதலில் ஆரம்பித்தார். எங்களோடு அதே கப்பலில் வந்த குடும்பம்.

"என்ன தம்பி, நாய பள்ளிக்கொடத்துல சேத்துருக்கியாம்? மத்தியான சாப்பாடு போடுறாங்களா?"

"இல்லைங்க மதினி."

"அப்ப எதுக்குப் போவுது? நம்ம புள்ளைகளே சாப்பாட்டுக்குத்தான் போச்சு."

நான் "சிட்" என்றால் நாய்க்குக் கேட்காது. ஆனால் எட்டு வாசலிலிருந்தும் எட்டுப் பேர் "சிட்டு" என்று கத்தினால் கேட்கும். உடனே உட்காரும். உட்கார்ந்ததற்கு எட்டுப் பேரும் ஏதாவது கொடுப்பார்கள். ஒரே வாரத்தில் அது தெரிந்துகொண்டது. காலையில் எழுந்ததும் முதல் வீட்டு வாசலில் போய் உட்காரும். கிடைத்ததும் எழுந்து இரண்டாம் வீட்டுக்குப் போய் உட்காரும். பன்னிரண்டு வீட்டையும், பூட்டிய நான்கையும் சேர்த்து, இப்படி உட்கார்ந்து உட்கார்ந்து முடித்துவிட்டு என்னிடம் வரும். வந்து நின்றுகொண்டே இருக்கும்.

"யாரும் ஒண்ணும் குடுக்காதீங்க" என்று எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். எட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல எனக்கு நாலு நாள் ஆயிற்று. எல்லோரும் சரி என்றார்கள். எல்லோரும் கொடுத்தார்கள்.

சக்கர நாற்காலிக்குப் பழக்க வேண்டும் என்றார் அந்த அம்மா. நாற்காலிக்கு எங்கே போவது? உரம் தள்ளுகிற ஒற்றைச் சக்கர வண்டி ஒன்று தொழிற்சாலைக்குப் பின்னால் சும்மா கிடந்தது. அதில் மதினி போர்வையைச் சுற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். என் மனைவி தள்ளினாள். நாய் அசையாமல் நிற்க வேண்டும், அதுதான் பாடம்.

"ஐயோ, அம்மா, இடுப்பு" என்று மதினி முனகினார்.

"முனகச் சொல்லலைங்க மதினி."

"நோயாளின்னா முனகாம? நீ வேலையப் பாரு."

நாய் பார்த்தது. ஓடி வந்து வண்டிக்குள் ஏறி மதினியின் மடியில் உட்கார்ந்தது. வண்டி சாய்ந்தது. மூவரும் கேரட் பாத்திக்குள் விழுந்தார்கள். லயமே சிரித்தது. அந்த வருஷம் அங்கே அவ்வளவு சத்தமாகச் சிரிப்பு கேட்டது அன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தபோது மணிக்கட்டில் என் விரல் ஒரு சுற்று முழுதாகச் சுற்றி வந்தது.

"சாப்டியாக்கா?"

"ஆச்சு."

"என்ன சாப்ட?"

"குடுத்ததச் சாப்ட்டேன். நாய் இருக்கா?"

கடைசிப் பாடம்தான் முக்கியமானது. கட்டிலில் இருப்பவர்கள் அன்பில் எதையாவது நீட்டுவார்கள். மாத்திரையாக இருக்கலாம், கெட்டுப்போனதாக இருக்கலாம். நாய் வாங்கக் கூடாது. "லீவ் இட்" என்றதும் முகத்தைத் திருப்ப வேண்டும்.

இதை நான் நன்றாகவே பழக்கினேன் என்று நினைத்தேன். இந்த ஒன்றில் லயத்துக்காரர்களும் ஒத்துழைத்தார்கள். ஒருவர் வர்க்கியை நீட்டுவார். நான் "லீவ் இட்" என்பேன். நாய் முகத்தைத் திருப்பும். "அட, என்ன மரியாத பாத்தியா" என்பார் நீட்டியவர். அதோடு நிறுத்த அவருக்கு மனசு வருமா? "பரவாயில்ல, எடுத்துக்க" என்று மறுபடி நீட்டுவார். அப்போது நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நாய் மெதுவாக, பல் படாமல் வாங்கிக்கொள்ளும்.

இதில் ஒரு தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. எங்களில் யார் வீட்டுக்குப் போனாலும், எதை நீட்டினாலும், முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். பசித்தாலும் அப்படித்தான். ஒரு தடவை கேட்பது வாய்வார்த்தைக்கு. இரண்டாம் தடவை கேட்டால்தான் மனசோடு கேட்கிறார்கள் என்று அர்த்தம். மனசோடு நீட்டுகிற கையைத் தட்டிவிடுவதும் தப்பு. சின்ன வயதில் யார் வீட்டிலோ முதல் தடவையே பலகாரத்தை வாங்கிவிட்டேன் என்று அக்கா என் தொடையில் கிள்ளியிருக்கிறாள். ஆகவே நாய் முதலில் மறுத்து, பிறகு வாங்கியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "சிட்" கற்றுக்கொள்ளாத நாய் இதையாவது கற்றுக்கொண்டதே என்று.

எப்படியோ "சிட்"டும் வந்தது. மதினி சொன்ன உபாயம்தான். "தம்பி, உன் குரல்ல சொல்லாத. கங்காணி சொல்ற மாதிரி சொல்லு." நான் வீட்டுக்குப் பின்னால் போய், யாருமில்லாத செடிகளைப் பார்த்துக் கங்காணி போலக் கத்திப் பழகினேன். செடிகள் உட்காரவில்லை. நாய் எங்கிருந்தோ ஓடி வந்து உட்கார்ந்தது.

பரீட்சை இல்லத்தின் வராந்தாவிலேயே நடந்தது. அந்த அம்மா கையில் அட்டையும் காகிதமும் வைத்திருந்தார். பெரிய சிஸ்டரும் பார்க்க வந்திருந்தார். மற்ற நாய்க்காரர்கள் சுவரோரமாக நின்றார்கள். அக்கா உள்ளே கடைசிக் கட்டிலில் இருந்தாள். அவளிடம் சொல்லவில்லை. தேறிய பிறகு சொல்லலாம் என்றிருந்தேன்.

நான் கங்காணிக் குரலில் "சிட்" என்றேன். உட்கார்ந்தது. இருக்கச் சொன்னேன், இருந்தது. சக்கர நாற்காலியைச் சுற்றி நடந்து வந்தது, மடியில் ஏறவில்லை. பின்னால் எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டார்கள். திரும்பிப் பார்த்தது, குரைக்கவில்லை. அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

கடைசியாக ஒரு பிஸ்கட்டை நீட்டினார். "லீவ் இட்" என்றேன். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பியூட்டிஃபுல்" என்றார் அந்த அம்மா.

பிறகு மறுபடியும் நீட்டினார்.

நாய் அவர் முகத்தைப் பார்த்தது. கழுத்தை நீட்டி, பல் படாமல் பிஸ்கட்டை வாங்கி, தின்றுவிட்டு, தரையில் விழுந்த தூளையும் நக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. சுவரோரத்தில் சிரித்தார்கள்.

"எல்லாம் நல்லாப் பண்ணுச்சே. இது ஏன் எடுத்துச்சு?" என்று கேட்டார் அந்த அம்மா. அவருக்கே வருத்தம்.

"ரெண்டாந்தடவ கேட்டீங்களேங்க" என்றேன்.

"அதனால?"

அதனால் என்ன என்பதை அத்தனை பேருக்கு நடுவில் நான் விளக்க வேண்டியதாயிற்று. என் ஆயுளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். முதல் தடவை கேட்டதும் வாங்கினால் அலைகிறவன் என்பார்கள், இரண்டாம் தடவையும் மறுத்தால் திமிர் பிடித்தவன் என்பார்கள், நாய்க்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

அந்த அம்மா அட்டையை இறக்கினார். "அப்ப நீங்க டீ வேண்டாம்னது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"எத்தன சனிக்கிழமை" என்றார் அவர், பாதி தனக்குள்.

எனக்கு அந்த டீயின் வாசனை ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று சொன்ன வாயில் எச்சில் ஊறியது ஞாபகம் வந்தது. அப்போதுதான், பெரிய சிஸ்டர் மாதாமாதம் என்னிடம் சொன்னது திடீரென்று வேறு மாதிரி கேட்டது. கேட்டால் வேண்டாம் என்கிறாள். டீகூட வேண்டாம் என்கிறாள்.

நானாக யாரிடமும் கேள்வி கேட்பதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"சிஸ்டர், எங்கக்காகிட்ட எத்தன தடவ கேப்பாங்க?"

"எத்தன தடவன்னா? நாப்பது பேரு இருக்காங்களே. ஒருக்கா கேப்போம்" என்றவர் அப்படியே நிறுத்தினார்.

சாப்பாட்டு மணி அடித்தது. சிஸ்டர் உள்ளே நடந்தார். நான் நாயை வராந்தாத் தூணில் கட்டிவிட்டுக் கதவோரம் நின்றேன். பரிமாறுகிறவர் கூடலூர்ப் பக்கத்துப் பெண். நல்ல மாதிரிதான், ஆனால் வேகம். ஒவ்வொரு தட்டிலும் ஒரு கரண்டி வைப்பார், போதுமா என்பதை "மதியோ?" என்று அவர் வழக்கில் கேட்பார், பதில் வருவதற்குள் பாதிக் கால் அடுத்த கட்டிலில் இருக்கும். அக்காவிடம் வந்தார். ஒரு கரண்டி. "மதியோ?" அக்கா கையைத் தட்டுக்கு மேலே மூடி, "போதும்மா" என்றாள். அவர் போய்விட்டார்.

சிஸ்டர் அந்தக் கரண்டியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க."

"போதும் சிஸ்டர்."

"கொஞ்சமா."

அக்கா கையை எடுத்தாள். "சரி, நீங்க சொல்றீங்க. கொஞ்சமா வைங்க."

அதையும் சாப்பிட்டாள். சிஸ்டர் மறுபடி கேட்டார். மறுபடி வேண்டாம் என்றாள், மறுபடி கையை எடுத்தாள். தட்டை வழித்துச் சாப்பிட்டாள். டீ வந்தது. "தேத்தண்ணி வேணாங்கம்மா" என்றாள். இரண்டாம் தடவை கேட்டதும் வாங்கி, ஊதி ஊதிக் குடித்தாள். கதவோரம் நின்ற எனக்கு வந்தது அழுகை அல்ல. எரிச்சல்.

சிஸ்டர் போனதும் கட்டிலருகே போனேன். அன்றைக்குப் பார்க்கிற நேரம்கூட அல்ல.

"பசிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானக்கா?"

"அடுத்தவங்க ஊட்ல பசிக்குதுன்னு யாராச்சும் சொல்லுவாங்களாடா?"

"அஞ்சு மாசமாச்சு. இன்னும் இது அடுத்தவங்க ஊடா?"

அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பின்ன யாரு ஊடு?" என்றாள்.

என் பங்குக் கோபமெல்லாம் அந்த இடத்தில் இறங்கிப் போயிற்று. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நாய் இருக்கா?"

வெளியே தூணில் கட்டியிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். தேறாத நாயை உள்ளே காட்ட முடியாது, சொன்னால் அவள் எழப் பார்ப்பாள். "இருக்குக்கா" என்று மட்டும் சொன்னேன். வழக்கம் போல நம்பவில்லை.

அன்றைக்கே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள், இனி எதற்கு இந்தக் கூத்து? மனைவிதான் விடவில்லை. "இத்தன நாளு என்னய வண்டி தள்ள உட்டீங்க. பாஸ் பண்ணாம உட்டீங்கன்னா நா லயத்துல தலைகாட்ட முடியாதுங்க" என்றாள்.

மறு பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. நாய்க்கு இரண்டு தடவை வேண்டாம் சொல்லக் கற்றுக் கொடுப்பது சுலபம். லயத்துக்காரர்களை இரண்டாம் தடவை "எடுத்துக்க" என்று சொல்லாமல் இருக்க வைப்பதுதான் முடியாத காரியம். மதினிக்குக் கோபமே வந்துவிட்டது.

"நீட்டிட்டு, அது வேணாங்கவும் கைய இழுத்துக்கணுமா? நாய்கூட என்னய என்ன நெனைக்கும்?"

"பரீட்சைக்குத்தாங்க மதினி."

"இதென்ன பரீட்ச, மனுசத்தன்மை இல்லாத பரீட்ச."

கடைசியில் அவர்களை நீட்ட வேண்டியவரை நீட்டச் சொல்லிவிட்டேன். மூன்று, நான்கு, ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் "லீவ் இட்" என்று கங்காணிக் குரலில் சொன்னேன். எட்டு வீட்டாரும் மாற்றி மாற்றி உபசரித்தும் நாய் வாங்காமல் இருக்கப் பழகியது. அதன் முகத்தில் ஒரு மாதிரி வெறுப்பு வந்துவிட்டது. என்னைப் பார்க்கும்போதுதான்.

தேறியது. அந்த அம்மா எனக்குக் கைகொடுத்தார். அதற்குள் அவர் எல்லோரிடமும் டீயை இரண்டு தடவை கேட்கிறவராக மாறியிருந்தார். உண்மையிலேயே வேண்டாதவர்கள்கூட வாங்கிக் குடிக்க வேண்டியிருந்தது. நான் இரண்டாம் தடவைக்குக் காத்திருந்து வாங்கிக்கொண்டேன். சர்க்கரை இல்லை. அதைக் கேட்கவில்லை.

முதல் முறை உள்ளே போகும் நாள் வந்தது. முதல் கட்டிலிலிருந்து ஆரம்பித்தோம். பேச வேண்டும் என்றார்களே, என்ன பேசுவது? "நாய்ங்க" என்றேன் முதல் பாட்டியிடம். "தெரியுது" என்றார் அவர். இரண்டாவது கட்டிலில் இருந்தவர் எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். அவரும் இலை வாட்டும் மாடியில் இருந்தவராம், ஓவேலிப் பக்கம். பிறகு பேச்சு எப்படியோ நடந்தது. முப்பத்தொன்பது கட்டிலைத் தாண்ட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நாய் ஒவ்வொரு இடத்திலும் உட்கார்ந்தது, தடவக் கொடுத்தது, நீட்டியதையெல்லாம் மறுத்தது. அந்த அம்மா பின்னாலேயே அட்டையோடு வந்தார்.

நாற்பதாவது கட்டிலில் அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது. நாய் அவளைப் பார்த்ததும் உடம்பெல்லாம் நடுங்கியது. "சிட்" என்றேன். உட்கார்ந்தது. வால் மட்டும் தரையை அடித்துக்கொண்டே இருந்தது.

அக்கா அதன் மடங்கிய காதைப் பிடித்து நிமிர்த்திவிட்டாள். அது மறுபடி மடங்கியது.

"மெலிஞ்சுருச்சே" என்றாள் என்னைப் பார்த்து. பிறகு தலையணைக்கு அடியிலிருந்து, காலை டீயோடு கொடுத்த பிஸ்கட் ஒன்றை எடுத்தாள். எத்தனை நாளாக அப்படி எடுத்து வைத்தாளோ தெரியாது. நீட்டினாள்.

நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அக்கா புன்னகைத்தாள். மரியாதை தெரிந்த நாய் என்று நினைத்திருப்பாள். மறுபடி நீட்டினாள். நாய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பியது. மூன்றாம் தடவை அதன் வாயருகே கொண்டுபோனாள். அது என்னைப் பார்த்தது. நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். ஆனால் விதியை அவர் எடுத்துவிடவில்லை, எடுக்கவும் முடியாது. நாய் தலையைக் குனிந்துகொண்டது.

"என் கையால குடுத்தாத் திங்க மாட்டேங்குது" என்றாள் அக்கா. கை அப்படியே நின்றது. "எவன்டா இதுக்கு இப்படிப் பழக்கி விட்டது?"

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கை சும்மா நிற்பதையும் பார்க்க முடியவில்லை.

"எனக்குக் குடுக்கா. நான் திங்கறேன்" என்றேன்.

"கேட்டு வாங்குறான் பாரு. இத்தன வயசாகியும் புத்தி வரல" என்றாள். பிஸ்கட்டை இரண்டாக உடைத்து ஒரு பாதியை என் கையில் வைத்தாள். மறு பாதியைத் தன் முந்தானை ஓரத்தில் துடைத்து அதையும் கொடுத்தாள். "இது அதுக்கு. வெளிய போனதும் குடு."

என் பாதியை அங்கேயே தின்றேன். நமத்துப் போயிருந்தது.

வாசல் கேட்டைத் தாண்டி, லாரி நிற்கும் வளைவு வரை நடந்தோம். இனி எந்த விதியும் இல்லை. மீதிப் பாதியை நீட்டினேன். நாய் முகத்தைத் திருப்பியது. "எடுத்துக்க" என்றேன். திருப்பியது. அக்கா கொடுத்தது என்று அதனிடம் சொல்லிப் பார்த்தேன், அந்த ரோட்டில், ஆட்கள் போகிற வழியில், கங்காணிக் குரலிலும் சொல்லிப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டதே தவிர வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. பிஸ்கட்டை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பத்தடி நடந்தேன்.

பின்னால் வந்து சேர்ந்தபோது அது வாயை நக்கிக்கொண்டிருந்தது.